கூடத்தில் சால்சா: வீட்டுப் பயிற்சிக்கு ஒரு நடனத் தொடரைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

வீட்டிலேயே செய்வதற்கு லத்தீன் நடன உடற்பயிற்சித் தொடர் ஒன்றைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள்: எவ்வளவு கலோரி கரையும், எத்தனை வாரத்தில் இடுப்பளவு குறையும். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடிக் கூடத்தில் சில ஆண்டுகளாக இப்பயிற்சியைச் செய்து வருபவள் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று என்பேன். அந்தத் தொடர் நமக்கு ஸ்டெப்பைக் கற்றுத் தருகிறதா, அல்லது ஆடிக் காட்டிவிட்டுப் போகிறதா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

நாற்பத்தாறு வயதில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று வந்தது. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தினமும் வேகமாக நடங்கள் என்றார் மருத்துவர். எங்கள் தெருவோ மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டப்படுவதும் மூடப்படுவதும் மறுபடி தோண்டப்படுவதுமாக இருந்தது. அலுவலகம் விட்டு வந்து, இரவுச் சமையலை முடித்து நான் கீழே இறங்கும் நேரத்தில் தெருமுனையில் நாய்களின் ஆட்சி தொடங்கியிருக்கும். வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த 150 நிமிடங்களை வீட்டுக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது. பாட்டு இல்லாமல் உடம்பை அசைக்க எனக்கு மனம் வராது. லத்தீன் அமெரிக்க இசைக்கு ஆடியபடியே செய்யும் உடற்பயிற்சியான ஜும்பாவுக்கு எங்கள் குடியிருப்பில் நடந்த வகுப்போ காலை ஆறரை மணிக்கு. அந்த நேரத்தில் என் வீட்டில் மூன்று டிபன் பாக்ஸ் நிரம்பியாக வேண்டும். ஆகவே திரையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஜும்பா எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது தேர்வுக்கு உதவும். கொலம்பியாவின் காலி (Cali) என்னும் நகரைச் சேர்ந்த ஆல்பெர்டோ பெரெஸ் என்னும் பயிற்றுநர், 1990களில் ஒரு நாள் ஏரோபிக்ஸ் வகுப்புக்குரிய ஒலிநாடாவை மறந்துவிட்டு வந்து, கையிலிருந்த சால்சா, மெரெங்கே ஆகிய லத்தீன் நடன இசை நாடாக்களைப் போட்டு வகுப்பை நடத்தினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 2001இல் அவரும் வேறிரு கூட்டாளிகளும் அமெரிக்காவின் மயாமியில் அதை ஒரு நிறுவனமாக்கினார்கள். வகுப்பறையில் பிறந்தது என்பதால் அதன் கற்பித்தல் முறையும் வகுப்பறைக்கு உரியதாகவே இருக்கிறது. பயிற்றுநர் வாயால் அதிகம் விளக்குவதில்லை. கையசைவாலும் முகக்குறிப்பாலும் அடுத்து வருவதைச் சுட்டிவிட்டு ஆடிக்கொண்டே போவார், கூட்டம் பார்த்துப் பின்தொடரும். நாற்பது பேர் நடுவில் ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் ஆடுபவரைப் பார்த்து இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொள்ளலாம். கூடத்தில் தனியாக, ஆறு அங்குலத் திரையில் அசையும் ஓர் உருவத்தைப் பார்த்து அதையே செய்ய முயல்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஜும்பா வகுப்பு ஒன்றை அப்படியே படம்பிடித்து வெளியிட்ட காணொளிகள், நேரில் சில காலம் வகுப்புக்குப் போனவர்களுக்கு நன்றாகவே பயன்படுகின்றன. புதிதாகத் தொடங்குபவரை அவை ஒரே வாரத்தில் சோபாவுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

எனவே எந்தத் தொடரையும் முதலில் உட்கார்ந்து, ஆடாமல், பத்து நிமிடம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஆடுபவரின் பாதங்கள் எப்போதும் சட்டகத்துக்குள் இருக்கின்றனவா என்பதே நான் முதலில் கவனிப்பது. பல காணொளிகளில் இயக்குநரின் ஆர்வம் முகத்திலும் இடுப்பிலும் நின்றுவிடுகிறது. பாதம் தெரியாத நடனப் பாடம் பாடமே அல்ல. அடுத்து, ஸ்டெப் மாறப்போகிறது என்பதை மாறுவதற்கு முந்தைய நான்கு தட்டுக்குள் (தட்டு என்பது தாளத்தின் ஒரு துடிப்பு) சொல்லிவிடுகிறாரா, அல்லது மாறிய பிறகு சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். பயிற்றுநர் நம்மை நோக்கி நின்றால் அவர் "வலது" என்னும்போது எந்தக் காலை அசைக்கிறார் என்பதும் முக்கியம். கண்ணாடியில் பார்ப்பதுபோல் நமக்கேற்றவாறு மாற்றி ஆடுபவர்கள் உண்டு, முதுகு காட்டி நின்று சொல்லித் தருபவர்கள் உண்டு, இரண்டுமே நல்லவை. பாட்டுக்குப் பாட்டு முறையை மாற்றுபவரைத்தான் தவிர்க்க வேண்டும்.

இனி, தாளம். ஜும்பாவின் அடிப்படைப் பயிற்சியில் மெரெங்கே, சால்சா, கும்பியா, ரெகேடான் ஆகிய நான்கும் கற்பிக்கப்படுகின்றன; மற்ற தொடர்களில் பச்சாட்டா, சா-சா-சா, சம்பா ஆகியவையும் கலந்து வரும். இவை எல்லாம் ஒன்றுபோலக் காதில் விழுந்தாலும் காலுக்கு ஒன்றல்ல. டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி என்று, அணிவகுப்பில் நடப்பதுபோல் இடம் வலமாகப் போகும். நடக்கத் தெரிந்தவர் எவரும் முதல் நாளே ஆடிவிடலாம். தொடக்கக்காரர்களுக்கான தொடர் மெரெங்கேயில் தொடங்கவில்லை என்றால் அதை வடிவமைத்தவர் தொடக்கக்காரரைப் பார்த்ததில்லை என்றே எண்ணுவேன். அதே நாட்டின் பச்சாட்டாவும் எளிதுதான்: பக்கவாட்டில் மூன்று அடி, நான்காவதில் ஒரு தட்டல். இவ்விரண்டையும் யுனெஸ்கோ முறையே 2016இலும் 2019இலும் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சால்சா அப்படியன்று. எட்டு எண்ணிக்கையில் ஒன்று, இரண்டு, மூன்றில் அடி வைத்து நான்கில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழில் அடி வைத்து எட்டில் நிற்க வேண்டும். இந்த நிற்றல்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். கல்யாண ஊர்வலத்திலும் கோயில் திருவிழாவிலும் கேட்டு வளர்ந்த டப்பாங்குத்து ஆறு-எட்டு நடையில் இடைவெளியே இல்லாமல் உருண்டு ஓடும். அதில் பழகிய கால் சால்சாவின் நான்காவது தட்டில் சும்மா இருக்க மறுக்கிறது. சிறுவயதில் சில ஆண்டுகள் பரதநாட்டியம் கற்றிருந்தது எனக்கு இங்கே கைகொடுத்தது. நான்கையும் எட்டையும் கார்வையாக, அதாவது அடி விழாத இடைவெளியாக எண்ணி, "தா தெய் தெய்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, குக்கர் மூன்று விசில் விடும் வரை சமையல் மேடையைப் பிடித்தபடி முன்னும் பின்னும் காலை மாற்றிப் பழகினேன். பரதத்தின் அடிப்படை அசைவான அடவை முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பழகாமல் அடுத்த வேகமான இரண்டாம் காலத்துக்குப் போக நட்டுவனார் விடமாட்டார். நல்ல நடனத் தொடரும் அதையேதான் செய்கிறது. முதலில் பாட்டில்லாமல் எண்ணிக்கைக்கு, பிறகு பாதி வேகத்துக்கு, அதன் பின்னரே பாட்டுக்கு. சால்சாப் பாடல்கள் நிமிடத்துக்கு 160 முதல் 220 தட்டு வரை ஓடக்கூடியவை என்பதால் இந்தப் படிகள் இல்லாமல் நேரே பாட்டுக்குள் இறங்குவது வீண் முயற்சி. தொடரில் மெதுவான பகுதி இல்லாவிட்டால், காணொளித் தளங்களில் இருக்கும் வேகக் குறைப்பு வசதியைப் பயன்படுத்தி 0.75 வேகத்தில் ஓடவிடலாம்; பாட்டின் சுருதி மாறாது, வேகம் மட்டும் தணியும்.

சால்சா பிடிபடவே இல்லை என்று மனம் சோர்பவர்கள் சா-சா-சா உள்ள தொடரைப் பார்க்கலாம். மாம்போ என்னும் கியூப நடன இசையின் குறுக்குத் தாளத்துக்கு ஆடக் கூட்டம் திணறியதைக் கண்ட கியூப வயலின் கலைஞர் என்ரிகே ஹோரின், 1950களின் தொடக்கத்தில் அதை எளிமையாக்கி உருவாக்கியதே அந்த இசை. திணறுவது நாம் மட்டுமல்ல, கியூபாவிலேயே திணறியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ரெகேடான் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 100 தட்டு என்று மெதுவாகவே போகும். ஆனால் அதில் முழங்காலை மடக்கித் தாழ்ந்து ஆடும் ஸ்டெப்புகள் அதிகம் என்பதால் தொடை முதலில் சோர்ந்துவிடும். கொலம்பியக் கடற்கரையின் கும்பியாவில் ஒரு காலைப் பின்னால் வைத்து எடையை மாற்றுவது திரும்பத் திரும்ப வரும். கணுக்கால் வலுவற்றவர்கள் அதைச் சற்றுக் கவனத்துடன் செய்ய வேண்டும்.

இடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் தயங்குவதும் அங்கேதான், உடலுக்குக் கெடுதல் நேர்வதும் அங்கேதான். பரதத்தின் அரைமண்டியில், அதாவது முழங்காலை மடக்கி நிற்கும் நிலையில், இடுப்பை அசையாமல் வைத்திருக்கப் பழகிய எனக்கு இது முற்றிலும் புதிய பாடம். லத்தீன் நடனத்தில் இடுப்பை யாரும் வலிந்து தள்ளுவதில்லை. ஒரு முழங்கால் மடங்கி மற்றது நிமிரும்போது, நிமிர்ந்த கால் பக்கம் இடுப்பு தானாக எழுகிறது. பாதம் தரையை அழுத்துவதும் முழங்கால் மடங்குவதும்தான் வேலை, இடுப்பசைவு அதன் விளைவு. இதை ஒரு நிமிடம் செலவழித்து விளக்கும் தொடரில் ஆடிய நாள்களில் எனக்கு முதுகு வலித்ததே இல்லை. "இடுப்பை ஆட்டுங்கள், இன்னும், இன்னும்" என்று கூவும் தொடரில் ஆடினால் மறுநாள் காலை குனிந்து கோலம் போட முடியாது.

தரையும் காலணியும் அடுத்த செய்தி. எங்கள் கூடத்தில் விட்ரிஃபைடு டைல்ஸ். வெறுங்காலில் ஆடினால் குதிகாலுக்கு அதிர்ச்சி நேரே ஏறுகிறது. வியர்வை சொட்டிய இடம் வழுக்குகிறது. யோகா விரிப்பின் மேல் ஆடுவது அதைவிடக் கெடுதல், ஏனெனில் பாதத்தை அது இறுகப் பிடித்துக்கொள்ள, உடல் திரும்பும்போது முறுக்கு முழுவதும் முழங்காலில் விழுகிறது. ஓட்டத்துக்கான ஷூவிலும் இதே தொல்லை. நேராக ஓடுவதற்காக ஆழமான பள்ளங்களுடன் செய்யப்பட்ட அடிப்பாகம் பக்கவாட்டில் திரும்ப விடாது. அடிப்பாகம் ஓரளவு தட்டையாக, முன்பாதம் எளிதில் சுழலும்படி இருக்கும் ஷூவே ஏற்றது. எந்த ஷூவானாலும் திரும்பும் முன் குதிகாலைத் தூக்கிவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டும் பயிற்றுநர் கிடைத்தால் விடாதீர்கள். இரு கைகளையும் நீட்டித் திரும்பும் அளவுக்கு, அதாவது சுமார் ஆறடிக்கு ஆறடி, இடமிருந்தால் பெரும்பாலான தொடர்களுக்குப் போதும். டீப்பாயை மட்டும் ஒதுக்குங்கள். சுண்டுவிரல் அடிபட்டால் ஒரு வாரப் பயிற்சி போய்விடும்.

மாடிவீட்டுக்காரர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. குதிக்கும் ஸ்டெப்புகள் நிறைந்த ஒரு தொடரைச் செய்துவந்த நாள்களில், தரைத்தளத்து மாமி படிக்கட்டில் என்னை நிறுத்தி, "ஏம்மா, ராத்திரி எட்டு மணிக்கு மேலே உரல்ல என்ன இடிக்கிறே?" என்று கேட்டார். எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும்படி அமைந்த தொடர்களுக்கு அதன் பிறகே மாறினேன். மாமிக்காகச் செய்த மாற்றம் எனக்கே நல்லதாக முடிந்தது. குதிக்காமலேயே, வேகத்தையும் கை வீச்சையும் கூட்டி, மூச்சு வாங்கும் அளவுக்கு உழைக்க முடிகிறது. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் குதிக்காத மாற்று ஒன்றைக் காட்டும் தொடர்களில், பின்வரிசையில் ஒருவரை அதற்கென்றே நிறுத்தியிருப்பார்கள். தொடக்கத்தில் அவரையே பாருங்கள்.

பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். பிள்ளைப் பேற்றுக்குப் பின்னும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் குதிக்கும்போது சிறுநீர் கசிவது பலருக்கு உண்டு; அதற்காகவே உடற்பயிற்சியை நிறுத்தியவர்களை நான் அறிவேன். நிறுத்த வேண்டியதில்லை. குதிக்காத தொடர், தொடங்குமுன் கழிப்பறை, இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி, குறையாவிட்டால் மருத்துவர் என்பதே வழி. மார்புக்கு நல்ல பிடிமானம் தரும் விளையாட்டு உள்ளாடையும் அவசியச் செலவுதான். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஆட்டத்தின்போது சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்பதால் எந்த வேளையில், என்ன சாப்பிட்டுவிட்டு ஆடலாம் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கலோரிக் கணக்குக்கு வருகிறேன். மணிக்கு ஆயிரம் கலோரி என்று விளம்பரங்கள் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் ஆதரவில் 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஜும்பா வகுப்பில் ஆடிய 19 பெண்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 9.5 கலோரி செலவழித்ததாகத் தெரியவந்தது. அப்படியே பெருக்கினாலும் மணிக்கு 570தான். அவர்களோ 18 முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள், முன்பே ஜும்பா ஆடிப் பழகியவர்கள். என் வயதில், என் கூடத்தில், பாதி ஸ்டெப்பைத் தவறவிட்டுக்கொண்டு ஆடுபவருக்கு அது குறைவாகவே இருக்கும். ஆகவே எண்ணை விட்டுவிட்டு மூச்சைப் பார்க்கிறேன். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் உழைப்பு மிதமானது. சில சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் கடுமையானது. ஸ்டெப் தெரியாமல் நின்று நின்று ஆடும்போது மூச்சு இந்த நிலைக்கு வருவதே இல்லை. கற்றுத் தரும் தொடரையே நான் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம்: கால் தாளத்தில் நின்ற பிறகுதான் உடல் உண்மையில் உழைக்கத் தொடங்குகிறது.

பெயர்களைப் பார்த்து ஏமாறவும் இடமுண்டு. ஜும்பா என்பது பதிவு பெற்ற வணிகப் பெயர். அதைக் கற்பிக்க உரிமம் வேண்டும். நம் ஊரில் அந்தப் பெயரோடு உலவும் காணொளிகளில் பல, குத்துப் பாட்டுக்கும் இந்திப் பாட்டுக்கும் அமைத்த நடனப் பயிற்சிகள். அவற்றில் தவறொன்றுமில்லை, வியர்வை அதிலும் வரும். சால்சா கற்க விரும்புபவர் அதை அங்கே தேடக் கூடாது, அவ்வளவுதான். ஜும்பா கோல்டு என்பது முதியவர்களுக்கும் தொடக்கக்காரர்களுக்குமான மென்மையான வடிவம். முழங்கால் வலியுள்ள நாற்பது வயதினரும் அதில் தொடங்கலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. ஜும்பா டோனிங்கில் கையில் சிறு எடைகளைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். தாளம் பழகாதவர் எடையோடு கையை வீசினால் தோளுக்கும் முழங்கைக்கும்தான் வேதனை. அதே நிறுவனம் ஸ்ட்ராங் என்ற பெயரில் கொண்டுவந்தது நடனமே அல்ல, இசைக்கு ஏற்றவாறு செய்யும் கடும் இடைவெளிப் பயிற்சி, அதாவது சிறிது நேரம் கடுமையாக உழைத்து, சற்று ஓய்ந்து, மறுபடி உழைப்பது.

பணம் கட்டும் செயலிகளில் ஒன்றை இலவசச் சோதனைக் காலத்தில் சேர்ந்து பார்த்தேன். கற்பித்தல் நன்றாக இருந்தது. ஆனால் விலகும் பொத்தானை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது தேவைப்பட்டது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படுமுன் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்னறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். சேருமுன் இசையையும் கேட்டுப் பாருங்கள். உரிமக் கட்டணத்தைத் தவிர்க்கச் சில தொடர்கள் ஒரே மாதிரியான கணினி இசையை எல்லாவற்றுக்கும் ஓடவிடுகின்றன. கொங்கா மேளமும் பியானோவும் பித்தளை ஊதுகருவிகளும் இல்லாத சால்சாவில் நான்காவது தட்டு எங்கே விழுகிறது என்று காது சொல்லித் தராது.

ஒரு தொடரைத் தேர்ந்தபின் அதிலேயே நிலைத்திருப்பது நல்லது. நாளுக்கொரு காணொளி மாற்றினால் எந்த ஸ்டெப்பும் உடம்பில் ஏறாது. ஒரே காணொளியைத் திரையைப் பார்க்காமல் ஆட முடிகிற வரை ஆடிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். ஆட்டத்தில் கைக்கும் தோளுக்கும் போதிய வலுப் பயிற்சி கிடைக்காததால், வாரத்தில் இரண்டு நாள் சுவரில் கையூன்றிச் செய்யும் தண்டாலும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் தனியே சேர்த்துக்கொண்டேன். வாரம் இரு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதலில் இருப்பதுதான்.

என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. தொடக்கத்தில் நான் ஆடும் நேரம் பார்த்துப் பூஜையறைக்குள் போய்விடுவார். இப்போது அவருக்கும் ஒரு தொடர் தேடித் தரச் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் மெரெங்கே ஒன்று கிடைத்தது. கைப்பிடி இல்லாத மர நாற்காலி, முதுகுப்புறம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் பின்னுக்கு நகர்கிறது. வேகம் அவருக்குச் சற்று அதிகமாகப் பட்டதால் அதையும் 0.75இல் ஓடவிடுகிறோம். "கால் சரியாத்தான் வருது, ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு இவ்வளவு கத்துறா?" என்பதைத் தவிர அவருக்கு வேறு குறை எதுவும் இல்லை.